ஐல் ஆஃப் மேன் டிடி: கட்டாயம் போன பிறகும் கேள்வி தீர்ந்துவிட்டதா?

சோழவரம்_பழையவன் எழுதியது:

மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயம் என்றாலே பேச்சு கடைசியில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவிலும் அங்கு நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பந்தயங்களிலும்தான் வந்து நிற்கும் என்பதால், நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1972 ஜூனில் அங்கு நடந்த 125 சிசி பந்தயத்தில், மழையிலும் மூடுபனியிலும் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்த இத்தாலிய வீரர் கில்பெர்த்தோ பார்லொட்டி, மலைப்பகுதியில் வெராண்டா எனப்படும் வளைவில் விழுந்து இறந்தார். அந்த வகையின் உலகச் சாம்பியன் போட்டியில் அவர் முதலிடத்தில் இருந்தார்; புள்ளிகள் தேவைப்பட்டதால்தான் தமக்குப் பழக்கமில்லாத அந்தப் பாதைக்கு வந்திருந்தார். அவருடைய நண்பரான ஜாகோமோ அகோஸ்தினி அன்றே டிடியின் முதன்மைப் பந்தயமான சீனியரில் ஓடி வென்றுவிட்டு, இனி இந்தத் தீவில் பந்தயம் ஓட்ட மாட்டேன் என்று முடிவெடுத்தார். அங்கு 10 முறை வென்றவர் எடுத்த முடிவு அது. அவரைத் தொடர்ந்து முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராக விலகினர். 1976 உடன் டிடி உலகச் சாம்பியன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது; அடுத்த ஆண்டு அந்தப் போட்டியின் பிரிட்டன் சுற்றான பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ சில்வர்ஸ்டோன் தளத்துக்குப் போய்விட்டது.

அகோஸ்தினியின் வாதம் எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டிருக்கிறது. ஓட்ட விரும்புகிறவர் ஓட்டட்டும், ஆனால் பட்டம் வேண்டுமானால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை கூடாது என்பதே அது. அந்தக் கட்டாயம் நீங்கி அரை நூற்றாண்டாகிறது. இப்போது யாரும் யாரையும் அங்கே இழுத்துவரவில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மரணச் செய்தி வந்தவுடன் தடை செய்ய வேண்டும் என்ற குரல் எழுகிறது. தன் விருப்பத்தோடு வருபவரைத் தடுக்க நாம் யார் என்பதே என் கேள்வி. சிறுவயதில் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

மான்செஸ்டர்_மழை எழுதியது:

நான் இரண்டு முறை ஹேஷமிலிருந்து கப்பலேறி அங்கு போய்ப் பார்த்தவன். கேள்விக்குள் போவதற்கு முன், பாதையைச் சரியாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாம் சென்னைக்கருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தை நினைத்துக்கொண்டு மேன் தீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பந்தயத் தளத்தில் ஒரு சுற்று மூன்று, நான்கு கிலோமீட்டர். விழுந்தால் சரிந்து போக மணற்பரப்பு இருக்கும், அதற்கப்பால்தான் தடுப்பு. மேன் தீவின் மலைப்பாதை ஒரு சுற்றுக்கு 60.7 கிலோமீட்டர், அதில் 200க்கும் மேற்பட்ட வளைவுகள். மற்ற நாட்களில் தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போகிற அதே சாலைதான். டக்ளஸ் நகரில் புறப்பட்டவுடன் வருவது பிரே ஹில் என்ற குடியிருப்புத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், நடைபாதைக் கற்கள், விளக்குக் கம்பங்கள். அந்த இறக்கத்தில் வண்டி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பிறகு கிளென் ஹெலன் மரக்கூட்டம், கிர்க் மைக்கேல் கிராமத்துக் குறுகிய தெரு, சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும் பல்லா பாலம், சல்பி நேர்ச்சாலை, ராம்சி ஊர், அதற்குப் பின் ஸ்நேஃபெல் மலையின் தோளில் ஏறி இறங்கி மீண்டும் டக்ளஸ். கடற்கரையோரம் வெயிலாக இருக்கும்போதே மலையில் மூடுபனி இருக்கும். மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலையில் பந்தயம் தொடங்குவதே இல்லை. நான் போன முதல் முறை மூன்று நாட்கள் தேநீர் குடித்துக்கொண்டே காத்திருந்தேன்.

வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பத்து விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பப்படுகிறார்கள், போட்டி கடிகாரத்தோடுதான். முன்னால் போகிறவர் பின்தங்கியிருக்கலாம், எங்கோ பின்னால் வருகிறவர் வென்றுகொண்டிருக்கலாம். 1992 சீனியர் பந்தயத்தில் ஸ்டீவ் ஹிஸ்லாப் 19ஆம் எண்ணிலும் கார்ல் ஃபோகார்ட்டி 4ஆம் எண்ணிலும் புறப்பட்டார்கள். ஆறு சுற்றுகளும் சாலையில் ஒருவரையொருவர் துரத்தாமலேயே, சாலையோரத்தில் அணியினர் காட்டிய பலகைகளை மட்டும் நம்பி மோதினார்கள். நார்ட்டன் வண்டியில் வந்த ஹிஸ்லாப் 4.4 விநாடியில் வென்றார். கடைசிச் சுற்றில் ஃபோகார்ட்டி படைத்த வேகச் சாதனை 1999 வரை நின்றது.

இப்போதைய சாதனை பீட்டர் ஹிக்மனுடையது: 2023 இல் ஒரு சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரியே மணிக்கு 219 கிலோமீட்டர். ராம்சி கொண்டையூசி வளைவில் ஏறக்குறைய சைக்கிள் வேகத்துக்கு இறங்கித்தான் அந்தச் சராசரி வந்திருக்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

நான் உட்கார்ந்தது பாரெகாரோ இறக்கத்தின் அடியில், ஒரு புதர்வேலிக்குப் பின்னால். எழுத்தில் பாரெகாரோ என்றாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது ‘பெகாரா’. முதல் வண்டி வரும் முன் குருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி பள்ளத்தில் அமுங்கி அடிப்பாகம் சாலையில் உரசியபோது பொறி பறந்தது. காற்று அடித்த அடியில் வேலி முழுவதும் சாய்ந்து நிமிர்ந்தது. வண்டியை நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அது போன பிறகுதான் பார்த்ததாக உணர்ந்தேன்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் எழுதியது:

நண்பர் மழை பாதையைச் சொன்னார். நான் வண்டியைச் சொல்கிறேன். கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன், தளப் பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்தும் கொடுத்திருக்கிறேன்.

ஹிக்மனின் அந்தச் சாதனை சூப்பர்பைக் வகையில் வரவில்லை, சூப்பர்ஸ்டாக் வகையில் வந்தது. அதாவது, பெரும்பாலும் கடையில் விற்கிற நிலையிலேயே உள்ள 1000 சிசி பிஎம்டபிள்யூ. கூடுதல் திறனும் விலையுயர்ந்த பாகங்களும் கொண்ட சூப்பர்பைக் ஏன் பின்தங்கியது என்று வியப்பவர்கள், பந்தயத்தைக் குதிரைத்திறனின் கணக்காக மட்டும் பார்க்கிறார்கள். தளத்தில் வண்டியை விறைப்பாக வைக்கலாம், ஏனென்றால் தரை வழுவழுப்பாக இருக்கும். சாலையில் ஒட்டுப்போட்ட தார், சாக்கடை மூடி, பாலத்தின் திமில், வேரோடிய மரத்தடி மேடு எல்லாம் உண்டு. அங்கே விறைப்பான வண்டி ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுபவரைத் தூக்கிப் போடும். ஹேண்டில் இரு பக்கமும் உதறத் தொடங்கினால் 250 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கையால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. ஆகவே கொஞ்சம் இளகிய சஸ்பென்ஷன், ஹேண்டில் உதறலை அடக்க நன்றாக இறுக்கிய ஸ்டியரிங் டேம்பர், சட்டென்று எகிறாமல் சீராக ஏறும் எஞ்சின் ஆகியவைதான் அங்கே வேகம். ஓட்டுபவருக்கு அச்சம் தராத வண்டியே கடிகாரத்தில் முந்தும்.

பெட்ரோல் விஷயம் இன்னும் சுவையானது. பெரிய வகை வண்டிகளின் 24 லிட்டர் டேங்கு இரண்டு சுற்றுக்குத்தான் வரும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மைலேஜ் கேட்கிற மாமாக்கள் மயங்கி விழுவார்கள். நிரம்பிய டேங்கின் எடை பதினேழு, பதினெட்டு கிலோ. இரண்டாம் சுற்றின் முடிவில் அது இருக்காது. பிரே ஹில்லில் நிரம்பிய டேங்கோடு இறங்கிய வண்டியும் இரண்டாம் சுற்றில் பெட்ரோல் குறைந்தபின் வளைவில் படுக்கிற வண்டியும் ஒரே வண்டி அல்ல. நிறுத்தத்தில் உயரத் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும்; அந்த நேரத்துக்குள் பின்சக்கரத்தை மாற்றி, பூச்சி அப்பிய ஹெல்மெட் கண்ணாடியையும் மாற்றிவிட வேண்டும். 2024 சூப்பர்பைக் பந்தயத்தில் மைக்கேல் டன்லப் முன்னிலையில் இருந்தபோது, நிறுத்தத்துக்குப் பின் அந்தக் கண்ணாடி சரியாகப் பொருந்தாமல் போக, வழியில் நின்று அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. வெற்றி ஹிக்மனுக்குப் போனது. கையளவு பிளாஸ்டிக் துண்டு அது.

செயினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லா பாலத்தில் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கி வைத்திருந்தால், தரை தொடும் நொடியில் முழு அடியும் செயினிலும் கியர்பெட்டியிலும் விழும். தெரிந்தவர்கள் காற்றில் கையைத் தளர்த்தி, பின்சக்கரம் முதலில் இறங்குமாறு பார்த்துக்கொள்வார்கள். 1967 சீனியரில் ஆங்கிலேய வீரர் மைக் ஹெயில்வுட்டோடு மோதிய அகோஸ்தினி முன்னிலையில் இருந்தபோதுதான் செயின் அறுந்தது. அன்று ஹெயில்வுட் ஓட்டிய 500 சிசி ஹோண்டாவோ நேராக நிற்க மறுக்கிற முரட்டு வண்டி. அதில் அவர் வைத்த சுற்றுச் சாதனையை 1975 வரை யாரும் தொடவில்லை.

இரவுப்பணி_செவிலி எழுதியது:

நான் விபத்துப் பிரிவில் பணிபுரிகிறேன். பந்தயத்தின் அழகை நான் மறுக்கவில்லை. மேலே எழுதியவற்றை ஆர்வத்தோடுதான் படித்தேன். ஆனால் இழையைத் தொடங்கிய ஐயாவின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. “தன் விருப்பத்தோடு வருபவர்” என்ற சொற்றொடர் வண்டியில் அமர்ந்திருப்பவரை மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

2005 சீனியர் பந்தயத்தில் கிர்க் மைக்கேலில் ஒரு வீரரோடு சேர்ந்து ஒரு பெண் மார்ஷலும் இறந்தார். ஊதியமில்லாமல் கொடி பிடிக்க வந்த தன்னார்வலர் அவர். 2007 இல், டிடியின் நூற்றாண்டு விழா ஆண்டில், 26ஆம் மைல்கல் அருகே ஒரு வீரரும் பார்வையாளர் இருவரும் இறந்தனர். 2018 பயிற்சி ஓட்டத்தில் ஒரு மரணத்துக்குப் பின் சிவப்புக் கொடி காட்டப்பட்டு, எதிர்த்திசையில் திரும்பிச் செல்லுமாறு அனுப்பப்பட்ட வீரர் மீது, விபத்து நடந்த இடத்துக்கு விரைந்த அமைப்பாளர்களின் காரே நேருக்கு நேர் மோதியது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் உடைந்தவற்றின் பட்டியல் நீளமானது. இதில் எந்த இடத்தில் ‘விருப்பம்’ இருக்கிறது? விழுகிற சாத்தியத்துக்கு அந்த வீரர் ஒப்புக்கொண்டிருக்கலாம். எதிரே கார் வரும் சாத்தியத்துக்கு ஒப்புக்கொண்டவர் எவரும் இல்லை.

அந்த மலைப்பாதையில் 1911 இல் இறந்த விக்டர் சரிட்ஜில் தொடங்கி, டிடியையும் அதே பாதையில் நடக்கும் மேங்ஸ் கிராண்ட் பிரீயையும் சேர்த்தால், இறந்த போட்டியாளர்களின் எண்ணிக்கை 260ஐத் தாண்டுகிறது. ஹெல்மெட்டும் உடையும் மருத்துவமும் எவ்வளவோ வளர்ந்த பிறகு, 2022 டிடி மட்டும் ஆறு வீரர்களின் உயிரை எடுத்தது. அவர்களில் ஒருவர் சில மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். காரணம் எளிது. ஹெல்மெட் தலையைத் தரையிடமிருந்து காப்பாற்றும். கற்சுவரில் மோதி ஒரே கணத்தில் வேகம் பூஜ்யமாகும்போது, உள்ளே இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை எந்த உடையும் காப்பாற்றாது. தளத்தில் மணல் செய்கிற வேலையைச் செய்ய அங்கே இடமே இல்லை.

ஒருவரை மட்டும் நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன். வட அயர்லாந்தின் தீவிர சிகிச்சை மருத்துவர் ஜான் ஹைண்ட்ஸ், அயர்லாந்துச் சாலைப் பந்தயங்களின் முதல் சுற்றில் மருத்துவப் பையோடு தாமே பைக்கில் வீரர்களைப் பின்தொடர்ந்து செல்வார். அங்கே கூட்டமாகப் புறப்படுவதால் முதல் சுற்றில்தான் ஆபத்து அதிகம். 2015 ஜூலையில் ஸ்கெரிஸ் பந்தயப் பயிற்சியில் பணியில் இருந்தபோது, அதே பைக்கில் விழுந்து இறந்தார். வட அயர்லாந்துக்கு மருத்துவ ஹெலிகாப்டர் வேண்டும் என்று அவர் போராடிக்கொண்டிருந்தார். அது 2017 இல் பறக்கத் தொடங்கியது. இன்று அது தூக்கிச் செல்பவர்களில் பந்தயத்தை வாழ்நாளில் பார்த்திராதவர்களும் இருக்கிறார்கள்.

கிழக்குக்கடற்கரை22 எழுதியது:

இதையெல்லாம் பார்த்துத்தான் நம் பையன்கள் ஈசிஆரில் நள்ளிரவில் பறக்கிறார்கள். டிடி காணொளிகளைப் பகிர்வதையே நிறுத்த வேண்டும்.

மட்டுறுத்துநர்:

ஈசிஆர் பற்றித் தனி இழை உள்ளது, அங்கே எழுதவும். ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். மேன் தீவில் பந்தய நேரத்தில் சாலை சட்டப்படி மூடப்படுகிறது. பிரிட்டனில் 20 மைல் வேக வரம்பு இருந்த காலத்தில், தீவின் நாடாளுமன்றமான டின்வால்ட் 1904 இல் சாலையை மூட அனுமதித்துச் சட்டம் இயற்றியதால்தான் பந்தயமே அங்கு போனது. 1907 இல் முதல் டிடி நடந்தது. எதிரே லாரி வருகிற சாலையில் ஓட்டுவதற்கும் இதற்கும் உறவில்லை.

சோழவரம்_பழையவன் எழுதியது:

செவிலி அம்மையாரின் மார்ஷல் வாதத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மார்ஷலும் ஆபத்தைத் தெரிந்து வருபவர்தான் என்று சொல்ல வாய் வருகிறது. சொன்னால் அது சப்பைக்கட்டாகத்தான் இருக்கும். எனவே வீரர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆனால் அங்கேயும், எழுத உட்கார்ந்தபோது என் வாதமே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

டன்லப் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தின் பாலிமனியைச் சேர்ந்த ஜோயி டன்லப் டிடியில் 26 முறை வென்றவர். பந்தயம் இல்லாத நாட்களில் தம் வேனில் உணவும் துணியும் ஏற்றிக்கொண்டு ருமேனியாவின் அனாதை இல்லங்களுக்குத் தனியாக ஓட்டிச் சென்றவர். 2000 ஜூனில், 48 வயதில், மேன் தீவில் ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை வென்றார். ஒரு மாதம் முடிவதற்குள், எஸ்தோனியாவின் தாலின் நகருக்கருகே, இரண்டு பந்தயங்களை வென்ற அதே நாளில், மழையில் நடந்த மூன்றாவது பந்தயத்தில் வழுக்கி மரங்களில் மோதி இறந்தார். தம்பி ராபர்ட் 2008 இல் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 சாலைப் பந்தயத்தின் பயிற்சியில் இறந்தார். இரண்டே நாளில், அதே பந்தயத்தில், ராபர்ட்டின் மகன் மைக்கேல் புறப்பட்டு நின்றார், வென்றார். மறுநாள் தந்தைக்கு இறுதிச் சடங்கு. 2018 இல் மைக்கேலின் அண்ணன் வில்லியம் ஸ்கெரிஸில் இறந்தார். பெரியப்பாவின் 26 வெற்றிகளை 2024 இல் மைக்கேல் தாண்டினார்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. விதிப்புத்தகத்தில் தேடினால் கட்டாயம் என்று ஒரு வரியும் கிடைக்காது. ஆனால் அந்த வீட்டில் பிறந்த ஒருவருக்கு விருப்பம் என்பது எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மான்செஸ்டர்_மழை எழுதியது:

ஐயா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். பல நாளாக மனத்தில் இருப்பது. அந்தப் பாதையை மனப்பாடம் செய்யாமல் அங்கே வேகமாக ஓட்ட முடியாது. வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது, நினைவுக்குத்தான் தெரியும். எந்த வீட்டு வாசல் தாண்டியதும் பிரேக், எந்த மரத்தின் நேராக வண்டியைச் சாய்க்க வேண்டும், மழை நின்ற பிறகு எந்த நிழலில் ஈரம் காயாமல் இருக்கும் என்பதையெல்லாம் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்க்கிறார்கள். காணொளி பார்க்கிறார்கள், சாதாரணக் காரில் நூறு முறை சுற்றுகிறார்கள், புதியவர்களை அனுபவசாலிகள் மெதுவாகக் கூட்டிச் சென்று காட்டுகிறார்கள். அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு செய்யுளைப் பதம் பிரித்துப் பாடம் செய்வது போன்றது.

அந்தப் படிப்பை உலகில் வேறெங்கும் செலவழிக்க முடியாது என்பதில்தான் சிக்கல். மோட்டோஜிபி வீரர் ஒரு தளத்தில் கற்றதை இன்னொரு தளத்துக்கு எடுத்துச் செல்வார். பதினைந்து ஆண்டில் மேன் தீவைக் கற்றவருக்கு அந்த அறிவு அந்த இரண்டு வாரங்களில் மட்டுமே செல்லுபடியாகும். பதினொரு ஆண்டுகள் விலகியிருந்த மைக் ஹெயில்வுட் 1978 இல், 38 வயதில், டுகாட்டியில் திரும்பி வந்து வென்றார். 23 முறை வென்ற ஜான் மெக்கின்னஸ் 2022 இல், ஐம்பது வயதில், தம் நூறாவது டிடி பந்தயத்தில் புறப்பட்டார். வீரத்தைத் தவிர, கற்றதை வீணாக்க மனம் வராததும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டாயம் இல்லை, சரி. ஆனால் கைவிடவும் முடியவில்லை.

இருவர் செல்லும் பக்கவண்டி (சைட்கார்) பந்தயத்தையும் மறக்கக் கூடாது. 2022 இல் இறந்த ஆறு பேரில் நால்வர் பக்கவண்டிக்காரர்கள். அவர்களில் ஒரு தந்தையும் மகனும் ஒரே வண்டியில் போனவர்கள். அதில் உடன் செல்பவரிடம் ஹேண்டிலும் இல்லை, பிரேக்கும் இல்லை. வளைவுக்கு வளைவு உடலை வெளியே தொங்கவிட்டுச் சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைப்பது அவர் வேலை. அடுத்து எந்தப் பக்கம் என்பதை அவரும் மனப்பாடமாகத்தான் அறிந்திருக்க வேண்டும்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர் எழுதியது:

மழை சொல்வதை வண்டி தயாரிக்கிறவனாக ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நிறுவனங்களும் இதே பிடியில் இருந்தவைதான். சோய்ச்சிரோ ஹோண்டா 1954 இல் டிடியைப் பார்க்க வந்து, ஜெர்மன் எஞ்சின்களின் திறனைக் கண்டு அசந்து போனார். 1959 இல் அவருடைய 125 சிசி வண்டிகள் முதல் முறை வந்தபோது சிறந்த இடம் ஆறாவதுதான். 1961 இல் ஹெயில்வுட் அவர்களுக்கு இரண்டு வெற்றிகள் வாங்கித் தந்தார். வண்டி செய்கிற நிறுவனம் ஒன்று ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று உலகுக்குச் சொல்ல வேண்டுமானால் அன்று போக வேண்டிய இடம் அந்தத் தீவுதான். இன்று தளத்தில் சொல்லிக்கொள்ளலாம். எனவே நிறுவனங்கள் விலகுவது எளிது, மனிதர்களுக்குத்தான் கடினம்.

இரவுப்பணி_செவிலி எழுதியது:

கற்றதை விட முடியாமை பற்றி மழை எழுதியதை இரண்டு முறை படித்தேன். தடை வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். வீரரின் விருப்பத்தைக் காட்டி மற்றவர்களின் பாதுகாப்புக் கணக்கை மூடிவிடக் கூடாது என்றுதான் சொன்னேன். 2007க்குப் பிறகு பார்வையாளர்கள் நிற்கக் கூடாத இடங்கள் அதிகமாக்கப்பட்டிருக்கின்றன. அது முன்பே நடந்திருக்கலாம்.

மழையிடம் ஒரு கேள்வி. பெகாராவில் நீங்கள் உட்கார்ந்த புதர்வேலி வளைவின் உட்பக்கத்திலா, வெளிப்பக்கத்திலா?

மான்செஸ்டர்_மழை எழுதியது:

முதல் முறை வெளிப்பக்கம். அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும் என்று பக்கத்தில் இருந்தவர் இடம் கொடுத்தார், நானும் யோசிக்கவில்லை. இரண்டாம் முறை போனபோது அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். எரிச்சலோடுதான் உட்பக்கம் மாறி உட்கார்ந்தேன்.